படகு, ஓதம், தண்ணீர் பாட்டில்: சிங்கப்பூர்த் தீவுகளுக்கு நாமே போய்வர

பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் வீடுகளில் பேச்சு ஒன்றுதான். பாத்தாமா, ஜொகூரா, இல்லை இந்தியாவுக்கே போய்விடலாமா? விமான டிக்கெட் விலையை மாதக்கணக்கில் முன்கூட்டியே பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். ஆனால் சாங்கியிலிருந்து கால் மணி நேரப் படகுப் பயணத்தில் இருக்கும் உபின் தீவுக்கு, பள்ளியில் கூட்டிக்கொண்டு போனதோடு சரி, அப்புறம் போகவே போகாதவர்கள் ஏராளம். செயின்ட் ஜான்ஸ் தீவு என்றால் அது எங்கே இருக்கிறது என்று கேட்கிறவர்களும் உண்டு. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். காரணத்தை அந்தத் தீவுக்கு வரும்போது சொல்கிறேன்.

மாநிலம், மாவட்டம் என்று எதுவும் இல்லாத நாடு நம்முடையது. ஊர்விட்டு ஊர் போக வேண்டும் என்றால் கடலில்தான் இறங்க வேண்டும். சிங்கப்பூருக்கு 60க்கும் மேற்பட்ட தீவுகள் உண்டு. எல்லாவற்றுக்கும் போய்விட முடியாது. தெக்கோங் ராணுவத்துக்குரியது, மகனைத் தேசிய சேவைக்கு அனுப்பிய பெற்றோருக்குச் சொல்லத் தேவையில்லை. புக்கோமில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. ஏழு தீவுகளை மண் கொட்டி இணைத்து உருவாக்கிய ஜூரோங் தீவுக்குள் நுழைய அனுமதி அட்டை வேண்டும். செமாக்காவில் 1999 முதல் நம் வீட்டுக் குப்பை எரிந்த சாம்பல் போய்ச் சேர்கிறது. இவையெல்லாம் போக, சாதாரணமாக நாம் நினைத்த நாளில் கிளம்பிப் போகக்கூடியவை உபின், செயின்ட் ஜான்ஸ், அதோடு ஒட்டிய லாசரஸ், கூசு, மீண்டும் திறந்திருக்கும் பெரிய சிஸ்டர்ஸ் தீவு. எண்ணிக்கையில் குறைவுதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு நாள் கொடுத்தால்கூடப் போதாது.

நாமே போவது என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், தென் தீவுகளுக்கு நான் முதலில் போனது ஒரு சுற்றுலா நிறுவனத்தின் ஒருநாள் பயணத்தில். கூசுவில் இறங்கினோம், படம் எடுத்தோம், ஏறினோம். செயின்ட் ஜான்ஸில் மலைப்பாதை தொடங்கும் இடத்திலேயே வழிகாட்டி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டார். தீவு என்பது அப்படிப் பார்க்கிற இடம் இல்லை. அங்கே நம் கடிகாரத்துக்கு மதிப்பு குறைவு. கடல் எப்போது வற்றுகிறது, கடைசிப் படகு எப்போது கிளம்புகிறது, வெயில் எப்போது சாய்கிறது, இந்த மூன்றையும் வைத்துத்தான் அங்கே நாளைப் பிரிக்க வேண்டும். அதைக் கூட்டத்தோடு செய்ய முடியாது.

முதலில் உபின். தானா மேரா எம்ஆர்டியிலிருந்து 2ஆம் எண் பேருந்து, தெம்பனிஸிலிருந்து 29. இரண்டும் சாங்கி வில்லேஜில் கொண்டுபோய் விடும். அங்கே ஸ்ரீ ராமர் கோயில் இருக்கிறது. நான் காலையில் கோயிலில் கும்பிட்டுவிட்டு, உணவங்காடி நிலையத்தில் பசியாறிவிட்டுத்தான் படகுத்துறைக்குப் போவேன். சைவம் சாப்பிடுகிறவர்கள் இங்கேயே ஏதாவது கட்டி வாங்கிக்கொள்வது நல்லது. உபினில் கடலுணவுக் கடைகளும் இளநீரும் உண்டு. சைவத்துக்குத் தேட வேண்டியிருக்கும்.

படகுக்கு நேர அட்டவணை கிடையாது. பம்போட் என்கிற சிறு மோட்டார் படகில் 12 பேர் சேர்ந்தால் கிளம்பும். ஆளுக்கு 4 வெள்ளி, ரொக்கம். சைக்கிள் கொண்டுபோனால் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். சனி, ஞாயிறு காலையில் பன்னிரண்டு பேர் ஐந்து நிமிடத்தில் சேர்ந்துவிடுவார்கள். வார நாளில்தான் பொறுமை வேண்டும். நான் போன ஒரு புதன்கிழமை, துறையில் உட்கார்ந்திருந்த படகோட்டியிடம், "அங்கிள், இன்னும் எத்தனை பேர்?" என்று கேட்டேன். அவர் நாளிதழிலிருந்து கண்ணை எடுக்காமல் மூன்று விரலைக் காட்டி, "தீகா லாகி" என்றார். அந்த மூன்று பேர் வர வெகுநேரம் ஆனது. அவசரம் என்றால் காலி இருக்கைகளுக்கும் நாமே காசு கொடுத்துவிடலாம், படகு உடனே கிளம்பிவிடும். இரண்டு மூன்று பேர் குறையும்போது அங்கே காத்திருப்பவர்கள் பேசிப் பகிர்ந்துகொள்வதும் வழக்கம்தான். தயங்காமல் கேளுங்கள். அடையாள அட்டையை மறக்காதீர்கள். எல்லையோரத் தீவு அது.

உபினில் ஒரு காலத்தில் 2,000 பேர் வரை வாழ்ந்தார்கள். கருங்கல் வெட்டுவதுதான் தொழில். நடுக்கடலில் நிற்கும் ஹார்ஸ்பரோ கலங்கரை விளக்கம் 1851இல் கட்டிமுடிக்கப்பட்டபோது அதற்குக் கல் போனது உபினிலிருந்துதான். கல் வெட்டிய பள்ளங்களில் இப்போது மழைநீர் தேங்கி ஏரிகளாகக் கிடக்கின்றன. குடியிருப்பவர்கள் சில பத்துப் பேர்தான். குழாய்த் தண்ணீர் போய்ச் சேராத சிங்கப்பூரைப் பார்க்க வேண்டும் என்றால் இங்கேதான் பார்க்க முடியும். என் பிள்ளைகள் கிணறு என்ற ஒன்றை முதலில் பார்த்தது அவர்களுடைய தாத்தா ஊரில் இல்லை, உபினில்.

சைக்கிள் வாடகைக்கு எடுக்கிறவர்கள் ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். வண்டியின் நிறத்தையும் கூடையையும் பார்க்காமல் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள், கடைவாசலிலேயே ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள், கியர் மாறுகிறதா என்று பாருங்கள். தீவில் சரளைக்கல் பாதை நிறைய. இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை என்றால் முழங்கால் போய்விடும். திருப்பிக் கொடுக்க வேண்டிய நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். நடக்க முடியாத பெரியவர்கள் கூட வந்தால், துறையருகே வேன் நிற்கும். போக வரக் கூலி பேசிக்கொண்டு செக் ஜாவாவில் இறங்கலாம்.

செக் ஜாவா இல்லாமல் உபின் இல்லை. தீவின் கிழக்கு முனை. கடற்கரை, அலையாத்திக் காடு, மணல்திட்டு, கடற்புல் வெளி எல்லாம் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. 2001இல் இந்த இடத்தை மண் கொட்டித் தூர்க்கத் திட்டம் இருந்தது. விஷயம் வெளியே தெரிந்ததும், கடைசியாக ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று மக்கள் கூட்டங்கூட்டமாகப் போனார்கள். இயற்கை ஆர்வலர்கள் ஒவ்வோர் உயிரினமாகக் கணக்கெடுத்து எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அரசாங்கம் திட்டத்தைத் தள்ளிவைத்தது. 2007இல் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான நடைபாலம் திறக்கப்பட்டது. சாதாரண மக்கள் நடந்துபோய்ப் பார்த்ததால் பிழைத்த இடம் அது. அதில் கால் வைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நன்றியுணர்வு வரும்.

ஆனால் எந்த நேரத்தில் போகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் போனால் பாலத்துக்குக் கீழே தண்ணீர் மட்டும்தான் தெரியும். நிறையப் பேர், "செக் ஜாவாவில் ஒன்றுமே இல்லை" என்று சொல்வது இதனால்தான். நீர்மட்டம் அரை மீட்டருக்குக் கீழே வடிந்திருக்க வேண்டும். ஓதம், அதாவது கடல் ஏறி வற்றும் நேரங்களும் உயரமும் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். அதற்கும் முன்பாக, நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் நாள்களில்தான் கடல் நன்றாக வற்றும். அந்த நாள்களில் எது பகல் வேளையில் வற்றுகிறது என்று மட்டும் ஓத அட்டவணையில் சரிபார்த்துக்கொண்டால் போதும். ஓதம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், போன வாரம் நண்பர் போன நேரம் இந்த வாரம் நமக்குப் பொருந்தாது.

நீர் நன்றாக வடிந்த ஒரு காலையில் பாலத்தின் அலையாத்திப் பக்கம் சற்று நேரம் அசையாமல் நின்று பாருங்கள். முதலில் வெறும் சேறுதான் தெரியும். கண் பழகப் பழக, விரல்நுழையும் அளவு துளைகள் தென்படும். ஆள் நிழல் ஆடாமல் இருந்தால் ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு சிறு நண்டு வெளியே வரும். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவுக்குப் பெரிது. அதைத் தூக்கித் தூக்கி இறக்கும். இன்னொரு சின்னக் கொடுக்கால் சேற்றைக் கிள்ளி வாயில் வைத்து, சத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சின்ன உருண்டையாகக் கீழே போடும். அப்படிப் போட்ட உருண்டைகள் துளையைச் சுற்றிக் கிடக்கும். பக்கத்தில் சேற்றில் தாவும் மீன் ஒன்று துடுப்பை ஊன்றி நகரும். பிள்ளைகளை அரை மணி நேரம் கைப்பேசி இல்லாமல் நிற்க வைத்த ஒரே இடம் இதுதான்.

கைப்பேசி என்றதும் ஞாபகம் வருகிறது. உபினில் பல இடங்களில் கைப்பேசி தானாக மலேசிய அலைவரிசைக்கு மாறிவிடும். ரோமிங்கை முன்பே அணைத்துவிடுங்கள். அப்புறம் குரங்கும் காட்டுப்பன்றியும். நெகிழிப் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு நடந்தால் குரங்கு பிடுங்கத்தான் செய்யும். எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் வைத்து ஜிப்பைப் போடுங்கள். இரக்கப்பட்டு ரொட்டி போடுவது நம்மவர்களிடம் உள்ள பழக்கம். வனவிலங்குகளுக்கு உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம், முதல்முறையே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். அபராதத்தை விடுங்கள், மனிதரிடம் வாங்கித் தின்னப் பழகிய பன்றிக்குத்தான் கடைசியில் ஆபத்து. மரத்தின் மேலே பார்த்தால் இருவாச்சி தென்படலாம். சிங்கப்பூரில் நீண்ட காலம் காணாமல் போயிருந்த அந்தப் பறவை, 1994இல் உபினில்தான் மறுபடி தென்பட்டது.

திரும்பும் நேரத்தில் கவனம் தேவை. இருட்டும் வரை உட்கார்ந்திருந்தால் படகில் பன்னிரண்டு பேர் சேர மாட்டார்கள். ஐந்து மணி வாக்கில் துறைக்கு வந்துவிடுவது என் வழக்கம்.

இனி தெற்கு. மரினா சவுத் பியர் எம்ஆர்டியில் இறங்கினால் எதிரிலேயே படகுத்துறை. இங்கே நேர அட்டவணை உண்டு, இருவழிச் சீட்டு பெரியவருக்கு 15 வெள்ளி அளவில் இருக்கும். செயின்ட் ஜான்ஸ், கூசு இரண்டையும் ஒரே சீட்டில் பார்க்கும்படி படகுகள் ஓடுகின்றன. பெரும்பாலும் முதலில் செயின்ட் ஜான்ஸ், அடுத்து கூசு, பிறகு துறைமுகம். இந்த வரிசையை மாற்றிப் போக நினைத்தால் சிக்கிக்கொள்வீர்கள். வார நாள்களில் படகுகள் மிகக் குறைவு. சீட்டு வாங்கும்போதே திரும்பும் படகுகளின் நேரத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். 1873இல் சிங்கப்பூரில் காலரா பரவியதைத் தொடர்ந்து, அடுத்த ஆண்டு இந்தத் தீவில் தொற்றுத் தடுப்பு முகாம் திறக்கப்பட்டது. 1930களில் உலகின் மிகப் பெரிய முகாம்களில் ஒன்றாக அது வளர்ந்திருந்தது. மேல்தளத்தில் படுத்துக்கொண்டு வந்த டெக் பயணிகள், இந்தியாவிலிருந்து வந்தாலும் சீனாவிலிருந்து வந்தாலும், நோய்ப் பயம் இருந்த காலங்களில் நேராக ஊருக்குள் வர முடியாது. இங்கே இறக்கிவிடுவார்கள். துணியை எல்லாம் வாங்கி நீராவியில் போட்டதையும், வரிசையில் நிற்கவைத்துக் குளிக்கச் சொன்னதையும், தூரத்தில் ஊரின் விளக்குகள் தெரிய நாள் கணக்கில் காத்துக்கிடந்ததையும் தாத்தா சொன்னதாக அம்மா சொல்வார். அந்தத் தீவு எது என்று தாத்தாவுக்குப் பெயர் தெரியாது. அம்மாவும் தேடிப் பார்த்ததில்லை.

துறையில் இறங்கியதும் அம்மா கொஞ்ச நேரம் நகரவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் மரினா பேயின் கட்டடங்கள் தெரிந்தன. "இங்கேயாம்மா அப்பாவை இறக்கிவிட்டாங்க?" என்று கேட்டார். ஆமாம்மா, இந்தத் தீவுதான் என்றேன். "இவ்வளவு கிட்டத்திலயா இருந்துச்சு!" என்றார். அவர் எழுபது வருடமாகச் சிங்கப்பூரில் இருப்பவர்.

இதனால்தான் வருத்தம் என்று தொடக்கத்தில் சொன்னேன். நம்மில் எத்தனையோ குடும்பங்களின் கதை இந்தத் தீவின் வழியாகத்தான் வந்திருக்கும். சிராங்கூன் சாலைக்கு முன்னால், தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் முன்னால், அவர்கள் கால் வைத்தது இங்கே. பிற்பாடு இதே தீவில் அரசியல் கைதிகளை வைத்திருந்தார்கள். பின்னாளில் நாட்டின் அதிபரான தேவன் நாயர் 1951இல் பிடிபட்டு இங்கே இருந்திருக்கிறார். 1955இலிருந்து அபினுக்கு அடிமையானவர்களுக்கான சிகிச்சை நிலையமும் நடந்தது. பழைய கட்டடங்கள் சிலவற்றையும் வேலிகளையும் இப்போதும் பார்க்கலாம். மூடிய பகுதிக்குள் நுழைய வேண்டாம். மற்றபடி நிழலான பாதையும், பூனைகளும், கடல் ஆய்வுக்கூடமும்தான். உங்கள் வீட்டில் கப்பலில் வந்தவர்களின் பிள்ளைகள் யாராவது இருந்தால், நடக்கத் தெம்பு இருக்கும்போதே அழைத்துக்கொண்டு போங்கள். துறையருகே பாதை பெரும்பாலும் சமதளம், அவர்கள் நிழலில் உட்காரலாம். கிளம்புவதற்கு முன் அவர்களிடம் கேள்வி கேட்டு, பதிலைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் அம்மா வீட்டில் சொல்லாத பல விஷயங்களை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் சொன்னார்.

அங்கிருந்து பாலப்பாதை வழியாக லாசரஸ் தீவுக்கு நடந்தே போய்விடலாம். பிறை வடிவத்தில் வெண்மணல் கடற்கரை, தண்ணீர் தெளிவு, குளிக்க அருமை. உயிர்காப்பாளர் இருப்பார் என்று நம்பிப் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள், பெரியவர் ஒருவர் தண்ணீரில் கூடவே இருக்க வேண்டும். மணல் ஈ கடிக்கும். கடித்த அன்று ஒன்றும் தெரியாது, மறுநாள்தான் அரிப்பு எடுக்கும். மணலில் நேராக உட்காராமல் பாய் விரித்து உட்காருங்கள், காலுக்கு மருந்து பூசிக்கொள்ளுங்கள். சாப்பாடும் தண்ணீரும் நாம்தான் கொண்டுபோக வேண்டும். கடை இருக்கும் என்று கேள்விப்பட்டாலும் அதை நம்பிக் கிளம்பக் கூடாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் என்பது என் கணக்கு. எலுமிச்சை சாதம், புளிசாதம் வெயிலைத் தாங்கும். தயிர்சாதத்தைக் காலையில் கட்டினால் மதியத்துக்குள் புளித்துவிடும், எனவே பாலை அதிகமாக விட்டுப் பிசையுங்கள். குப்பையைத் திரும்பப் படகில் ஏற்றிக் கொண்டுவர ஒரு பை தனியாக இருக்கட்டும்.

வானிலையைப் பற்றி ஒரு வார்த்தை. வருட இறுதியில் பருவமழை பெய்யும் என்பது எல்லாருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, வருட நடுவில் மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து விடியற்காலையில் வீசி வரும் சுமத்ரா சூறைக்காற்று. திடீரென்று இருட்டிக்கொண்டு ஒன்றிரண்டு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். அன்று பயணத்தையே கைவிட வேண்டியதில்லை, கிளம்புவதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டால் போதும். இடி இடிக்கும்போது மட்டும் கடற்கரையிலோ தனி மரத்தடியிலோ நிற்காமல் துறையின் கூரைக்குக் கீழே வந்துவிடுங்கள்.

தனியாகப் போகும் பெண்கள் பாதுகாப்பைப் பற்றி என்னிடம் கேட்பதுண்டு. நான் தனியாகவும் போயிருக்கிறேன், பயந்ததில்லை. எந்தத் தீவு, எந்தப் படகில் திரும்புகிறேன் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவேன். பவர் பேங்க், விசில், ரொக்கமாகச் சில பத்து வெள்ளி. ஆள் குறைந்த காட்டுப்பாதையில் காதில் பாட்டு மாட்டிக்கொள்ள மாட்டேன்.

கூசுவுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிறிய தீவு. 1923இல் கட்டிய துவா பெக் கோங் கோயில் ஒன்று, குன்றின் மேல் 152 படி ஏறினால் கெராமாட்டுகள் எனப்படும் மலாய்ப் புனிதர் சமாதிகள் மூன்று. அவை 2022இல் தீயில் சேதமடைந்தபோது எல்லா மதத்தவரும் வருந்தினார்கள். சீன நாள்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் யாத்திரைக் கூட்டம் மொய்க்கும். வழிபாட்டைப் பார்க்க விரும்பினால் அந்த மாதம், அமைதி வேண்டும் என்றால் மற்ற மாதங்கள். பெரிய சிஸ்டர்ஸ் தீவு 2024 அக்டோபரில் மறுபடி திறக்கப்பட்டது, நாட்டின் முதல் கடல் பூங்காவின் பகுதி அது. பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள், சிப்பி ஒன்றைக்கூட எடுத்து வராதீர்கள்.

படகே ஒத்துக்கொள்ளாது, தலைசுற்றும் என்பவர்களுக்கு வடக்கு இருக்கிறது. கிராஞ்சிப் பக்கம் சுங்கை பூலோ ஈரநிலத்துக்கு செப்டம்பரிலிருந்து மார்ச் வரை சைபீரியா தொடங்கித் தூர தேசப் பறவைகள் வருகின்றன. இங்கேயும் கடல் வற்றும் நேரம் பார்த்துப் போனால்தான் சேற்றில் இரை தேடும் பறவைகளைக் காணலாம். செம்பாவாங்கில் வெந்நீர் ஊற்றுப் பூங்கா, தண்ணீர் 70 டிகிரி. பக்கத்தில்தான் பங்குனி உத்திரத்துக்குப் பெயர்பெற்ற புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயில். காலையில் கோயில், அப்புறம் ஊற்று என்று வைத்துக்கொண்டால் வயதானவர்களுக்கும் அரை நாள் இனிமையாகப் போகும். ஊற்று நீரில் வேகவைக்க முட்டையைக் கோயிலுக்குப் பிறகு வாங்கிக்கொள்ளுங்கள். பாத்திரம், உப்பு, மிளகுத்தூள் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். முட்டை வேக நேரம் எடுக்கும், அதுவரை பாதத்தைத் தொட்டியில் வைத்துக்கொண்டு உட்காரலாம். தண்ணீர் ஆறி வரும் கீழ்த்தட்டுத் தொட்டியில் தொடங்கி, சூடு பழகிய பிறகு ஒவ்வொரு தட்டாக மேலே நகருங்கள்.